தேடினால் கிடைக்காத கடை

இணையத்தில் கடை வைத்திருப்பவர்கள் இன்றே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் இரண்டு உண்டு. முதலில், உங்கள் கடையின் பெயரைக் கூகுளில் தட்டுங்கள். பெரும்பாலும் கடை வந்துவிடும். அடுத்து, கடையின் பெயரை விட்டுவிட்டு, நீங்கள் விற்கும் ஒரு பொருளின் பெயரை மட்டும் தட்டுங்கள். பலருக்கு முகம் வாடுவது இங்கேதான். முதல் பக்கத்தில் இல்லை, இரண்டாம் பக்கத்தில் இல்லை, தேடித் தேடிப் பார்த்தாலும் கடையைக் காணோம்.

கடையின் பெயர் தெரிந்தவர் எப்படியும் வந்து சேர்ந்துவிடுவார். வியாபாரம் வளர்வது பெயர் தெரியாதவர்களால்தான். அவர்களுக்குத் தெரிந்தது தங்களுக்கு வேண்டிய பொருள் மட்டுமே. அந்தத் தேடலில் வராத கடை, ஆள் நடமாட்டமே இல்லாத சந்தில் திறந்து வைத்த கடைக்குச் சமம்.

இந்த நிலையில் சிறு வியாபாரிகள் வழக்கமாக என்ன செய்கிறார்கள்? "உங்கள் கடையை முதல் பக்கத்துக்குக் கொண்டு வருகிறோம்" என்று சொல்லும் ஒருவரிடம் மாதக் கட்டணம் கட்டுகிறார்கள். தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் செய்து விற்கும் குடும்பத்துக்கு அந்தப் பணம் சிறிய தொகை அல்ல. ஆறு மாதம் கழித்தும் என்ன வேலை நடந்தது, எது மாறியது என்று அவர்களுக்குச் சொல்லத் தெரிவதில்லை. கோளாறு எங்கே என்று பார்க்காமலேயே வைத்தியம் தொடங்கிவிட்டதுதான் காரணம்.

தேடலில் ஒரு கடை வராமல் போவதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணத்துக்கு ஓர் இடமும் உண்டு. அதை வரிசையாகத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலைக்குத் தேடுபொறித் தணிக்கை என்று பெயர். கணினி நிபுணர்கள் மட்டுமே செய்யக்கூடிய வேலை அல்ல இது. பள்ளி ஆய்வுக்கூடத்தில் நாம் கற்றுக்கொடுக்கும் அதே முறைதான்: கவனி, கருதுகோள் வை, சோதி, பதிவு செய்.

தேடுபொறி எப்படி வேலை செய்கிறது?

1990ஆம் ஆண்டில் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆலன் எம்டேஜ் என்பவர் ஆர்ச்சி என்ற தேடுபொறியை உருவாக்கினார். கணினிகளில் இருந்த கோப்புகளின் பெயர்களைப் பட்டியலிடுவது மட்டுமே அதன் வேலை. இன்றைய தேடுபொறி அதைவிடப் பல மடங்கு பெரியது. ஆனாலும் அதன் வேலையை மூன்று நிலைகளாகப் பிரித்துப் புரிந்துகொள்ளலாம்.

முதல் நிலை, ஊர்தல். தேடுபொறியின் சிலந்தி என்று அழைக்கப்படும் நிரல் ஒரு பக்கத்தைத் திறந்து, அதிலுள்ள இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறது. அங்கிருந்து இன்னொன்றுக்கு. இணைப்பு இல்லாத இடத்துக்கு அதனால் எளிதில் போக முடியாது.

இரண்டாம் நிலை, அடைவு தயாரித்தல். பாடநூலின் கடைசிப் பக்கங்களில் சொல்லடைவு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சொல், அதற்கு எதிரே அது வரும் பக்க எண்கள். தேடுபொறியும் இதைத்தான் செய்கிறது. ஒரு கடையில் மூன்று பக்கங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பக்கம் 1: பித்தளை விளக்கு. பக்கம் 2: பித்தளை முறுக்கு அச்சு. பக்கம் 3: எவர்சில்வர் முறுக்கு அச்சு. இதன் அடைவில் 'பித்தளை' என்ற சொல்லுக்கு எதிரே 1, 2 என்று இருக்கும். 'முறுக்கு' என்பதற்கு 2, 3. 'அச்சு' என்பதற்கும் 2, 3. இப்போது ஒருவர் 'பித்தளை முறுக்கு அச்சு' என்று தேடினால் மூன்று பட்டியலிலும் பொதுவாக உள்ள எண் எது? 2. விடை கிடைத்துவிட்டது. கோடிக்கணக்கான பக்கங்களை அந்த நொடியில் யாரும் படிப்பதில்லை. முன்பே தயாரித்து வைத்த அடைவைத்தான் புரட்டுகிறார்கள்.

மூன்றாம் நிலை, வரிசைப்படுத்தல். பொருந்தும் பக்கங்கள் ஆயிரம் இருந்தால் எதை முதலில் காட்டுவது? ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவர்களான லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் ஒரு வழி சொன்னார்கள். ஒரு பக்கத்தைச் சுட்டிக்காட்டும் மற்றப் பக்கங்கள் எத்தனை, அவை எவ்வளவு மதிப்புள்ளவை என்று பார்த்து மதிப்பெண் கொடுக்கலாம் என்பதே அது. 1998ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கூகுள் அந்த எண்ணத்தில் பிறந்ததுதான். இன்று பக்கத்தின் பொருத்தம், தரம், மொழி, தேடுபவர் இருக்கும் இடம் எனப் பல அம்சங்கள் சேர்ந்து வரிசையைத் தீர்மானிக்கின்றன.

இந்த மூன்று நிலைகளும் தொடர் மின்சுற்றைப் போன்றவை. மின்கலம், விசை, விளக்கு மூன்றும் ஒரே கம்பியில் இருக்கும்போது எங்கே அறுந்தாலும் விளக்கு எரியாது. மின்கலத்தில் கோளாறு இருக்கும்போது விளக்கை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் காசுதான் கரையும். சிலந்தி உள்ளே வரவே முடியாத கடைக்கு மூன்றாம் நிலையில் எவ்வளவு செலவு செய்தாலும் அதே கதிதான். ஆகவே தணிக்கை எப்போதும் முதல் நிலையிலிருந்தே தொடங்க வேண்டும்.

முதலில் எண்ணிப் பாருங்கள்

ஓர் எடுத்துக்காட்டுக் கடையை வைத்துக்கொள்வோம். கிள்ளான் லிட்டில் இந்தியாவில் பித்தளைப் பாத்திரங்களும் பூசைப் பொருள்களும் விற்கும் கடை. அதன் இணையக் கடையில் 200 பொருள்கள் உள்ளன. கடை கற்பனைதான். ஆனால் இங்கே அதற்கு வரும் கோளாறுகள் எல்லாம் உண்மையான இணையக் கடைகளில் அடிக்கடி காணப்படுபவை.

கூகுள் சர்ச் கன்சோல் என்ற கருவி இலவசம். இணையத்தளம் உங்களுடையதுதான் என்று உறுதிப்படுத்திவிட்டால் போதும். உங்கள் பக்கங்களில் எத்தனை அடைவில் உள்ளன, எத்தனை சேர்க்கப்படவில்லை, ஏன் என்று அது பட்டியல் தரும். அந்த எண்ணிக்கையை நம்மிடம் உள்ள எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டும்.

200 பொருள்கள், சில வகைப் பக்கங்கள், 'எங்களைப் பற்றி', 'தொடர்புகொள்ள' எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 220 பக்கங்கள். அடைவில் உள்ளவையும் அந்த அளவில் இருந்தால் முதல் இரண்டு நிலைகள் பெரும்பாலும் நலம். 30 மட்டுமே இருந்தால் ஏதோ தடுக்கிறது. 'கண்டறியப்பட்டவை' என்று 8,000 காட்டினால் அதுவும் ஒரு நோய்தான். இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

குறைவாக இருந்தால்

முதல் சந்தேகம் ரோபோட்ஸ் கோப்பின் மீது விழ வேண்டும். சிலந்திகள் எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்று தளத்தின் வாசலில் எழுதி வைக்கும் சிறிய கோப்பு அது. 1994ஆம் ஆண்டில் மார்ட்டின் காஸ்டர் முன்மொழிந்த வழக்கம் இது. 2022ஆம் ஆண்டில்தான் இணையத்தின் முறையான தரநிலைகளில் ஒன்றாக வெளியானது. கடையைக் கட்டும் காலத்தில், வேலை முடியும்வரை யாரும் பார்க்க வேண்டாம் என்று வடிவமைப்பாளர் இதில் ஒரே வரியில் முழுத் தளத்தையும் தடுத்து வைப்பதுண்டு. திறப்பு விழா முடிந்த பிறகு அந்த வரியை நீக்க மறந்துவிட்டால், கடைக்குள் விளக்கு எரியும், கதவு மட்டும் பூட்டியே இருக்கும்.

இரண்டாவது, 'அடைவில் சேர்க்காதே' என்ற குறி. இது ஒவ்வொரு பக்கத்தின் உள்ளேயும் எழுதப்படுவது. கண்ணுக்குத் தெரியாது, சிலந்திக்கு மட்டும் தெரியும். இந்த இரண்டையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். ரோபோட்ஸ் கோப்பு 'உள்ளே வராதே' என்கிறது. இந்தக் குறியோ 'வந்து பார், ஆனால் எழுதிக்கொள்ளாதே' என்கிறது. ஒரு பக்கத்துக்கு இரண்டையும் ஒன்றாகப் போட்டால் என்ன ஆகும்? சிலந்தி உள்ளே வராததால் குறியைப் படிக்கவே முடியாது. வேறு தளங்கள் அந்தப் பக்கத்தைச் சுட்டினால், விவரம் எதுவும் இல்லாமல் முகவரி மட்டும் தேடலில் வரக்கூடும். மறைக்க நினைத்த பக்கம் அரைகுறையாக வெளியே தெரிவது இப்படித்தான்.

மூன்றாவது, அனாதைப் பக்கங்கள். ஒரு பொருளுக்குப் பக்கம் இருக்கிறது, ஆனால் எந்த வகைப் பக்கத்திலிருந்தும் அதற்கு இணைப்பு இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் திறக்கும். சிலந்திக்குத்தான் வழி தெரியாது. இதன் இன்னொரு வடிவம் 'மேலும் காட்டு' பொத்தான். வகைப் பக்கத்தில் முதல் 20 பொருள்கள்தான் தெரிகின்றன, மற்றவை பொத்தானை அழுத்தினால்தான் வரும். நாம் அழுத்துவோம். கூகுளின் சிலந்தி பொத்தான்களை அழுத்துவதில்லை. 21ஆவது பொருளிலிருந்து அதற்குத் தெரியாமலே போகலாம். இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம் என்று உண்மையான இணைப்புகள் கொடுத்தால் இது தீரும்.

இதற்குத் துணையாகத் தளவரைபடக் கோப்பு ஒன்று வேண்டும். தளத்தின் முக்கியமான முகவரிகள் அனைத்தையும் பட்டியலிடும் கோப்பு இது. கூகுள் 2005ஆம் ஆண்டில் கொண்டு வந்தது. ஒரு கோப்பில் 50,000 முகவரிகள் வரை எழுதலாம், ஆகவே நம் 200 பொருள்களுக்கு ஒன்றே போதும். ஆனால் தளவரைபடம் சிலந்திக்குக் கொடுக்கும் குறிப்பு மட்டுமே. கடைக்குள் வழியே போடாமல் வரைபடத்தை மட்டும் கையில் கொடுப்பதில் பயன் குறைவு.

அதிகமாக இருந்தால்

200 பொருள் உள்ள கடைக்கு 8,000 பக்கங்கள் எங்கிருந்து வரும்? கணிதம் சொல்லும்.

விளக்குகள் பிரிவில் வாடிக்கையாளர் வசதிக்காக வடிகட்டிகள் இருக்கும். வகை 6, அளவு 5, விலை வரம்பு 4. இவற்றோடு, வழக்கமான வரிசையை மாற்றிப் பார்க்க 3 வழிகள். ஒவ்வொன்றிலும் 'எதையும் தேர்வு செய்யாமல் விடுவது' என்ற வாய்ப்பும் உண்டு. ஆகவே 7 × 6 × 5 × 4 = 840. ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு புதிய முகவரி பிறந்தால், ஒரே பிரிவுக்கு 840 முகவரிகள். பத்துப் பிரிவுகளுக்கு 8,400. ஒவ்வொரு பொருளுக்கும் 42 முகவரிகள் என்ற கணக்கு.

இவற்றில் பெரும்பாலானவை ஒன்றுக்கொன்று ஏறக்குறைய ஒரே பக்கம்தான். இவற்றில் எதைத் தேடலில் காட்டுவது என்ற முடிவு தேடுபொறியின் கையில் போய்விடுகிறது. 'பித்தளை விளக்கு' என்று தேடுபவருக்கு நீங்கள் காட்ட விரும்பும் நல்ல பக்கத்துக்குப் பதிலாக, 'விலை இறங்குவரிசை, சிறிய அளவு' என்ற ஏதோ ஒரு மூலைப் பக்கம் போய் நிற்கலாம்.

இதற்கு மருந்து 2009ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து கனானிக்கல் என்ற குறியை அறிவித்தன. 'என்னைப் போல் பல பக்கங்கள் இருந்தாலும் முதன்மையான முகவரி இதுதான்' என்று ஒரு பக்கம் தன்னைப் பற்றிச் சொல்லும் குறி அது. தேடுபொறி இதைக் கட்டளையாக அல்ல, பரிந்துரையாகவே எடுத்துக்கொள்ளும். ஆகவே தளத்தின் உள் இணைப்புகளும் தளவரைபடமும் அதே முகவரியையே சொல்ல வேண்டும். மூன்று சாட்சிகளும் ஒன்றையே சொன்னால் தீர்ப்பு எளிது. தேவையற்ற வடிகட்டி முகவரிகளை ரோபோட்ஸ் கோப்பின் வழி தடுப்பதும் இன்னொரு வழி.

பெரிய கடைகளில் சிலந்தி பயனற்ற பக்கங்களில் நேரத்தை வீணாக்குவதும் ஒரு சிக்கல். சிறிய கடைகள் அதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. அந்தப் பெயரைச் சொல்லி 200 பொருள் கடைக்காரரிடம் கட்டணம் கேட்டால், கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

தீர்ந்துபோன பொருளும் தீபாவளிப் பக்கமும்

சிலந்தி ஒரு பக்கத்தைக் கேட்கும்போது, தளத்தின் சர்வர் ஒரு மூன்று இலக்க எண்ணோடு பதில் சொல்கிறது. 200 என்றால் 'இருக்கிறது'. 301 என்றால் 'நிரந்தரமாக வேறு இடத்துக்கு மாறிவிட்டது'. 404 என்றால் 'இல்லை'. 503 என்றால் 'இப்போது முடியவில்லை, பிறகு வா'.

தணிக்கையில் பார்க்க வேண்டியது, சொல்லும் எண்ணும் நடப்பும் ஒத்துப் போகின்றனவா என்பதுதான். ஒரு விளக்கு தற்காலிகமாகத் தீர்ந்துவிட்டால் பக்கத்தை அழிக்கக்கூடாது. 'இருப்பு இல்லை, அடுத்த மாதம் வரும்' என்று எழுதி 200ஆகவே வைத்திருக்கலாம். இனி வரவே வராது, ஆனால் அதே போன்ற புதிய மாதிரி இருக்கிறது என்றால் 301 போட்டு அங்கே அனுப்பலாம். மாற்றே இல்லை என்றால் 404 என்று நேர்மையாகச் சொல்லிவிடலாம், அதில் குற்றமில்லை. நீக்கிய பொருள்கள் அத்தனையையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பி விடுவதுதான் தவறு. முறுக்கு அச்சு கேட்டு வந்தவரைக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்துவது போன்றது அது. தேடுபொறியும் அதை 'இல்லாத பக்கம்' என்றே கணக்கிடக்கூடும்.

நம் வியாபாரிகளிடம் அடிக்கடி காணும் இன்னொரு பழக்கம், ஒவ்வோர் ஆண்டும் தீபாவளிக்குப் புதிய முகவரியில் ஒரு விற்பனைப் பக்கம் தொடங்குவது. தீபாவளி 2024, தீபாவளி 2025 என்று. சென்ற ஆண்டுப் பக்கத்தைச் சுட்டிக்காட்டிய இணைப்புகள், அது சம்பாதித்த மதிப்பு எல்லாம் பழைய முகவரியோடு நின்றுவிடுகின்றன. புதிய பக்கம் ஒவ்வொரு முறையும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. ஆண்டைக் குறிப்பிடாத ஒரே முகவரியை வைத்துக்கொண்டு, உள்ளடக்கத்தை மட்டும் ஆண்டுதோறும் மாற்றினால் போதும்.

தமிழ்க் கடைக்கே உரிய கோளாறுகள்

பொதுவான வழிகாட்டிகளில் வராத சில கோளாறுகள் தமிழில் விற்பவர்களுக்கு மட்டும் வரும்.

பல கடைகளில் பொருளின் பெயரும் விலையும் விளக்கமும் அழகான சுவரொட்டி போலப் படத்துக்குள் இருக்கும். மனிதர் படிக்கலாம். ஆனால் அது அடைவில் சொல்லாகச் சேரும் என்று நம்பி இருக்க முடியாது. சோதனை எளிது. உலாவியில் 'பக்கத்தில் தேடு' என்ற வசதியைத் திறந்து, படத்தில் தெரியும் ஒரு சொல்லைத் தட்டுங்கள். கண்டுபிடிக்காவிட்டால் அந்தச் சொல் பக்கத்தில் எழுத்தாக இல்லை என்று பொருள். பெயரையும் விளக்கத்தையும் எழுத்தாகவும் தட்டச்சு செய்ய வேண்டும். படத்துக்கு உரிய மாற்றுவிளக்கத்தையும் நிரப்ப வேண்டும்.

அடுத்தது எழுத்துரு. தமிழ் எழுத்துகளுக்கு 1991இல் வெளிவந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே இடம் கிடைத்தது. ஆனாலும் பழைய எழுத்துருக்கள் இன்றும் சில இடங்களில் புழங்குகின்றன. அவற்றில் திரையில் தமிழ் தெரியும், அடியில் இருப்பது ஆங்கில எழுத்துகளின் குறியெண்கள். அந்த வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். கிறுக்கலாக வந்தால், தேடுபொறி படிப்பதும் அந்தக் கிறுக்கலைத்தான்.

ஒரு பொருளுக்குப் பல பெயர்கள் இருப்பது மூன்றாவது. கடைக்காரர் 'முறுக்கு உரல்' என்று எழுதுகிறார். வாடிக்கையாளர் 'முறுக்கு அச்சு' என்று தேடுகிறார். இன்னொருவர் 'முறுக்குக் குழல்' என்கிறார். மலாய்த் தோழி 'அச்சுவான் முருக்கு' என்று ரோமன் எழுத்தில் தட்டுகிறார். நான்கும் ஒரே பொருள். தேடுபொறி ஓரளவு ஊகிக்கும், ஆனால் எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டக்கூடாது. சர்ச் கன்சோலில் மக்கள் உண்மையில் என்ன சொல்லைத் தட்டி உங்கள் பக்கத்தைக் கண்டார்கள் என்ற பட்டியல் இருக்கிறது. அதைப் படித்து, அந்தப் பெயர்களை விளக்கத்தில் இயல்பாகச் சேர்க்கலாம். மொத்த வியாபாரி கொடுத்த வாசகத்தையே அப்படியே ஒட்டிய கடைகள் பல இருக்கும்போது, நீங்கள் சொந்தமாக எழுதிய நான்கு வரிகள் உங்கள் பக்கத்தைத் தனித்துக் காட்டும்.

விசித்திரமாகத் தெரிவதெல்லாம் நோய் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இணைய முகவரியில் 'முறுக்கு' என்று தமிழில் எழுதினால், நகலெடுக்கும்போது அது நீண்ட குறியீட்டு வரிசையாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். யூனிகோடில் அந்தச் சொல்லுக்கு 8 குறிகள். ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 24 பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியோடு 3 எழுத்துகளாக எழுதப்படுவதால் மொத்தம் 72. நமக்குத்தான் அது அசிங்கமாகத் தெரியும். தேடுபொறி தடுமாறாமல் படித்துவிடும். இதைக் கோளாறு என்று சொல்லி எல்லா முகவரிகளையும் மாற்றினால், இல்லாத நோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்ததாகும்.

கனமான படங்கள்

கைப்பேசியில் எடுத்த 12 மெகாபிக்சல் படம் 4,000 × 3,000 புள்ளிகள் கொண்டது. கடையின் வகைப் பக்கத்தில் அது தெரியும் அளவு 400 × 300 என்று வைத்துக்கொள்வோம். தேவையைவிட 100 மடங்கு புள்ளிகளை வாடிக்கையாளர் இறக்குகிறார். ஒரு படம் 3 மெகாபைட் என்றால், 30 பொருள் உள்ள பக்கம் 90 மெகாபைட். ஒரு பைட்டுக்கு 8 பிட் என்பதால் 720 மெகாபிட். நொடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் 36 நொடி ஆகும். அதுவரை யார் காத்திருப்பார்?

பக்கத்தின் வேகத்தை அளக்கக் கூகுள் மூன்று அளவைகளை வைத்திருக்கிறது. பக்கத்தின் மிகப் பெரிய பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும். தொட்டால் 200 மில்லிநொடிக்குள் பக்கம் அசைந்து கொடுக்க வேண்டும். ஏறும்போது பொத்தான்களும் படங்களும் இடம் தாவும் அளவு 0.1ஐத் தாண்டக்கூடாது. நான்கு வருகைகளில் மூன்றாவது இந்த அளவுக்குள் இருந்தால் 'நன்று' என்று மதிப்பிடப்படும். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவியில் முகவரியைக் கொடுத்தால் கணக்கு வந்துவிடும்.

கைப்பேசிப் பக்கத்தையே சோதியுங்கள். கூகுள் இப்போது தளங்களைப் பெரும்பாலும் கைப்பேசி வடிவில்தான் படிக்கிறது. கணினியில் முழு விளக்கமும் இருந்து, கைப்பேசி வடிவில் அதை வெட்டிவிட்டிருந்தால், வெட்டப்பட்ட வடிவமே கணக்கில் வரும்.

தணிக்கையும் ஒரு பரிசோதனையே

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்குத் தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி ஆகிய சொற்கள் நினைவிருக்கும். ஊசல் பரிசோதனையில் நூலின் நீளத்தையும் குண்டின் எடையையும் ஒன்றாக மாற்றினால், அலைவு நேரம் எதனால் மாறியது என்று சொல்ல முடியுமா? இணையக் கடையிலும் அப்படித்தான். ஒரே நாளில் தலைப்புகளை மாற்றி, படங்களைச் சுருக்கி, முகவரிகளையும் மாற்றிவிட்டால், பிறகு வருகை கூடினாலும் குறைந்தாலும் காரணம் தெரியாது.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். தேதி, கண்ட கோளாறு, செய்த மாற்றம், அதற்கு முன்பிருந்த எண், நான்கு வாரம் கழித்து வந்த எண். ஒரு வகையான கோளாறைச் சரிசெய்து, காத்திருந்து பார்த்து, பிறகு அடுத்தது. முழுத் தளத்தையும் தடுக்கும் ரோபோட்ஸ் வரி போன்ற அவசரக் கோளாறு மட்டும் காத்திருக்கத் தேவையில்லை. கண்ட உடனே நீக்கிவிடலாம்.

ஒப்பிடும் காலத்திலும் கவனம் வேண்டும். நம் நாட்டில் தீபாவளி 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. அக்டோபரை அக்டோபரோடு ஒப்பிட்டால், முதல் ஆண்டில் 30 நாள் பண்டிகைக்கு முந்திய வியாபாரம், அடுத்த ஆண்டில் 19 நாள்தான். கடையில் எந்தக் குறையும் இல்லாமலேயே வருகை சரிந்தது போல் தெரியும். தீபாவளிக்கு முந்திய நான்கு வாரங்களை அதே நான்கு வாரங்களோடு ஒப்பிடுவதே நியாயம். சர்ச் கன்சோல் 16 மாதத் தரவை வைத்திருப்பதால் இது முடியும்.

பணம் கொடுப்பதற்கு முன்

இவ்வளவையும் எல்லாரும் தாங்களே செய்ய வேண்டும் என்பதில்லை. திறமையும் நேர்மையும் உள்ளவர்கள் இத்தொழிலில் இருக்கிறார்கள். ஆனால் அவர்களை அடையாளம் காண வியாபாரிக்குக் கொஞ்சம் அறிவு வேண்டும்.

முதலிடத்துக்கு உத்தரவாதம் என்று யாராவது சொன்னால் விலகிக்கொள்ளுங்கள். அப்படி யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே சொல்லியிருக்கிறது. பக்கத்தின் 'கீவேர்ட்ஸ்' குறியில் நூறு சொற்களை நிரப்புவதுதான் தங்கள் வேலை என்று சொன்னாலும் யோசியுங்கள். அந்தக் குறியைத் தன் வலைத் தேடலின் வரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று 2009ஆம் ஆண்டிலேயே கூகுள் அறிவித்துவிட்டது. வெளித்தளங்களில் காசு கொடுத்து இணைப்பு வாங்குவது விதிமீறல். பிடிபட்டால் பாதிக்கப்படுவது வாங்கித் தந்தவரின் கடை அல்ல, உங்கள் கடை.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. கோளாறு எந்த நிலையில் இருக்கிறது, ஊர்தலிலா, அடைவிலா, வரிசையிலா? அதற்கு ஆதாரம் என்ன, எந்தப் பக்கத்தில் காட்டுங்கள்? சரிசெய்த பிறகு எந்த எண் மாற வேண்டும்? இந்த மூன்றுக்கும் நேரான பதில் தருபவரிடம் வேலையைக் கொடுக்கலாம். சர்ச் கன்சோல் கணக்கும் இணைய முகவரியின் பதிவும் எப்போதும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். உதவிக்கு வருபவருக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். அவர் போய்விட்டாலும் கடையின் சாவி உங்களிடம் இருக்கும்.

தணிக்கை சுவையில்லாத முறுக்கைச் சுவையாக்காது. விலை அதிகமான விளக்கை விற்றுத் தராது. நல்ல பொருளுக்கும் அதைத் தேடுபவருக்கும் நடுவில் உள்ள தடையை எடுத்துப் போடும், அவ்வளவுதான். அந்தத் தடை பல கடைகளில் ஒரே ஒரு வரியாகவோ, அழுத்தப்படாத ஒரு பொத்தானாகவோ இருக்கிறது. இன்றிரவு கடையைச் சாத்திய பிறகு, அடைவில் உங்கள் பக்கங்கள் எத்தனை என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். அடுத்து எங்கே பார்க்க வேண்டும் என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும்.